மறு அடகு வைக்கும்போது 'இன்னும் கொஞ்சம்' வாங்குகிறீர்களே, சிக்கலே அதுதான்

கேள்வி: எங்களுக்கு ஈரோடு. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மாதம் 38,000. நான் தனியார் பள்ளியில் டீச்சர், 17,000. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. 2022 தீபாவளிக்கு 12 பவுனை பேங்கில் வைத்து 1.5 லட்சம் வாங்கினோம். அதில் மகளின் முதல் பிறந்தநாளுக்கு என் அப்பா போட்ட அரைப்பவுன் செயினும் இருக்கிறது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறோம், தங்கம் ஏறியதால் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள். 2023இல் 2.1 லட்சம், போன வருஷம் 3 லட்சம், இப்போது, 2025இல், 4.2 லட்சம். வட்டி 9%. இந்த முறை முழுசாகத் திருப்பி மறுநாள்தான் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்குப் பணம் புரட்ட வெளியில் ஒருவருக்கு 2,000 கொடுத்தோம். போனஸ் 36,000 வந்தது. துணி, பட்டாசு, நாத்தனாருக்குச் சீர் என்று போய்விட்டது. அரையாண்டு லீவுக்கு நாத்தனார் பிள்ளைகளோடு வருவார், எப்போதும்போல எல்லோரும் ஊட்டி போவோம். தையில் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஒரு பவுன் செயின் போட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அதே நகை மேல் இன்னும் 2 லட்சம் வாங்கி, சீர் போக மீதியை வெள்ளி ஈடிஎஃப்பில் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் ஃபண்ட்) போட்டால் வட்டியை அதுவே கட்டிவிடும் என்கிறார் இவர். வேறு கடன் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் எஸ்ஐபி 5,000, நகைச் சீட்டு 3,000 கட்டுகிறேன், சீட்டு ஜனவரியில் முடிகிறது. கார்த்திகை தீபத்தன்று மகள் "என் செயின் எங்கம்மா" என்று கேட்டாள். பேங்க்ல தூங்குது என்று சொல்லிவிட்டேன், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பதில்: வேண்டாம். அந்த 2 லட்சத்தை வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி, கையெழுத்து மட்டும் போடாதீர்கள், நகைக்கடன் உங்கள் பேரில்தானே இருக்கும்.

சிக்கனமாக இருங்கள், பட்ஜெட் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. 55 ஆயிரத்தில் இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு மாதம் 8,000 சேமிக்கிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. "வேறு கடன் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் நின்றது அந்த இடத்தில்தான். நகைக்கடனை நம் வீடுகளில் யாரும் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்ம நகை, நம்ம பணம், விலை வேறு ஏறுது, என்ன நஷ்டம் என்ற நினைப்பு. நகையை வைத்ததில் தப்பில்லை. வருஷா வருஷம் மறு அடகு வைக்கும்போது விலை ஏறிய அளவுக்குக் கடனையும் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள், தப்பு அங்கேதான்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் கைக்கு வந்தது 1.5 லட்சம். 2023இல் கூடுதலாகக் கிடைத்தது 60,000, ஆனால் வட்டி 13,500 போக கையில் நின்றது 46,500. 2024இல் 90,000 கூடுதல், வட்டி 18,900 போக 71,000 சொச்சம். இந்த வருஷம் 1.2 லட்சம் கூடுதல், வட்டி 27,000, அந்த ஒரு நாள் பணம் புரட்டியதற்கு 2,000, மிச்சம் 91,000. எல்லாம் கூட்டினால் நீங்கள் செலவழித்தது ஏறக்குறைய 3.6 லட்சம், கட்ட வேண்டியது 4.2 லட்சம். நடுவில் உள்ள 60 ஆயிரமும் வட்டிக்குப் போனது. அதைக்கூட நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டவில்லை, கடன் வாங்கியே கட்டியிருக்கிறீர்கள். "வட்டியைக் கட்டி" என்று எழுதினீர்களே, ஒரு வருஷம்கூடக் கட்டவில்லை.

அந்த 2,000 ரூபாய் ஆளையும் கொஞ்சம் பாருங்கள். அசலும் வட்டியுமாக 3.27 லட்சத்துக்கு ஒரே ராத்திரிக்கு 2,000 என்றால் நாளுக்கு 0.6 சதவீதம், வருஷக் கணக்கில் 200 சதவீதத்துக்கு மேல். தொகை சின்னது என்பதால் உறைக்கவில்லை. நகையை ஒரு நாள்கூட வெளியே எடுக்க வழியில்லாத நிலைமையில் இருக்கிறீர்கள் என்பதற்கு அந்த ரசீது இல்லாத 2,000தான் சாட்சி.

2022 தீபாவளி சமயத்தில் பவுன் 37, 38 ஆயிரம். 2024 தீபாவளிக்கு 59 ஆயிரத்தை ஒட்டி இருந்தது, 2025 தீபாவளிக்கு 95 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் 12 பவுன் அந்த விலைக்கே 11 லட்சத்துக்கு மேல் பெறும். அதனால் நீங்கள் கவுண்டரில் போய் நின்றால் இன்னும் மூன்று நான்கு லட்சம்கூடத் தருவார்கள், 2 லட்சம் கேட்டால் ஒரு கேள்வி வராது. 2026 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, 5 லட்சம் வரைக்கும் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று வேறு வருகிறது. அதெல்லாம் நீங்கள் கட்டாமல் போனால் ஏலம் விட்டு எவ்வளவு தேறும் என்று அவர்கள் போட்டுவைக்கிற கணக்கு. உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கை அங்கே யாரும் போடுவதில்லை. 2013 ஏப்ரலில் தங்கம் சரிந்தபோது, விளிம்பு வரை கடன் வாங்கியிருந்தவர்கள்தான் முதலில் மாட்டினார்கள்.

இப்போது ஏன் இவ்வளவு கறாராக வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த வருஷம்தான் உங்களுக்கு எல்லைக்கோடு. 4.2 லட்சத்துக்கு வருஷ வட்டி 37,800. உங்கள் போனஸ் 36,000. ஏறக்குறைய சமம். போனஸை அப்படியே வட்டிக்குக் கொடுத்தால் கடன் ஏறாமல் நிற்கும். இன்னும் 2 லட்சம் சேர்த்தால் 6.2 லட்சம், வட்டி 55,800, மாதத்துக்கு 4,650. அதைப் போனஸ் தாங்காது. அப்புறம் அடுத்த தீபாவளிக்கு ஒரு புடவைகூட எடுக்காமல் இருந்தாலும், வட்டி கட்டுவதற்கு மட்டுமே கூடுதல் கடன் வாங்க வேண்டி வரும்.

வெள்ளி விஷயம். பனியன் கம்பெனி டீக்கடை வரைக்கும் வெள்ளிப் பேச்சு வந்துவிட்டது என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஈடிஎஃப் வட்டி கொடுக்காது, டிவிடெண்டும் கொடுக்காது. வெள்ளி ஏறினால் விற்றுத்தான் பணம் எடுக்க வேண்டும், இறங்கினால் எடுக்கவே முடியாது, ஆனால் பேங்க் வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறும். 2025 அக்டோபரில் இருந்த அவசரத்தில் சில மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே வெள்ளி ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் வாங்குவதை நிறுத்தி வைத்தன. விற்கிறவனே கொஞ்சம் பொறு என்கிற சரக்கைக் கடன் வாங்கி வாங்க வேண்டுமா? வீட்டுக்காரருக்கு வெள்ளி ஆசை இருந்தால் சம்பளத்தில் மாதம் 500 ரூபாய்க்கு வாங்கட்டும், நான் தடுக்கவில்லை.

சரி, காதுகுத்து. இதுதான் உண்மையான சுமை என்று எனக்குத் தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், வெறும் கையோடு போய் உட்கார முடியாது. ஆனால் ஒரு பவுன் என்று யார் வைத்தது? பவுன் 37 ஆயிரமாக இருந்தபோது பழகிய வாய் அது. இன்றைக்கு ஒரு பவுன் செயின் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1 லட்சத்தைத் தாண்டும். உங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து இரண்டு மாதம். உங்கள் நகைச் சீட்டு ஜனவரியில் முடிகிறது, 33,000 இருக்கும். பெரும்பாலான கடைகளில் அதைப் பணமாகத் தர மாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டரை கிராம் சுமாருக்கு ஒரு ஜோடி தோடு வரும். காதுகுத்துக்குத் தோடுதானே பொருத்தம்! ஒரு பட்டுப் பாவாடை, தட்டு வரிசையில் பழம், தேங்காய், சீர் முடிந்தது. புதிதாக ஒரு ரூபாய் கடன் வேண்டாம்.

இதை நாத்தனாரிடம் சொல்ல வேண்டியது உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் சொல்லவே கூடாது. நீங்கள் சொன்னால் அடுத்த இருபது வருஷத்துக்கு "அவ தடுத்துட்டா" என்று ஓடும். அண்ணன் வாயிலிருந்து, பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், லீவுக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு பத்துப் பேர் நடுவில் இல்லாமல், இப்போதே போனில், "பாப்பாவுக்கு மாமன் தோடு எடுக்கிறேன்" என்று வந்துவிட வேண்டும். செயின் போட முடியாது என்று இழுத்துக்கொண்டிருக்காமல் தோடு எடுக்கிறேன் என்றே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முகம் ஒரு வாரம் சுருங்கும். மாமியாருக்கு இரண்டு வாரம். சுருங்கட்டும்.

ஊட்டியை நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் சீசனில் இரண்டு குடும்பத்துக்கு ரூம், வண்டி, இ-பாஸ், மலை வளைவுக்கு வளைவு மூன்று வயதுப் பையனுக்குப் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், மேலே போனால் உறைபனியில் ராத்திரி மூக்கு ஒழுகல். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தேவை அத்தை பிள்ளைகளோடு ஒரே பாயில் படுப்பதும் தண்ணீரும் மணலும்தான். கொடிவேரி அணைக்கு ஒரு நாள் போங்கள், தண்ணீர் விடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு. மீன் வறுவல் அங்கேயே கிடைக்கும். இன்னொரு நாள் காலையில் வெள்ளோடு ஏரி, பறவைகள் வருகிற பருவமே இதுதான். இரண்டும் சேர்த்து மூவாயிரத்தில் முடியும். ஊட்டியில் மிச்சமாகிற பணத்தை அதே வாரம் நகைக்கடன் அக்கவுண்டில் கட்டிவிடுங்கள். வருஷக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை, நகைக்கடனில் இடையிலேயே அசலைக் குறைக்கலாம், கட்டின நாளிலிருந்து அந்த அளவுக்கு வட்டி குறையும். பேங்கில் கேட்டு, அசலில்தான் வரவு வைக்கிறார்களா என்று ரசீதைப் பாருங்கள்.

ஜனவரியோடு சீட்டு முடிந்ததும் புதுச் சீட்டுப் போடாதீர்கள். 12 பவுன் உள்ளே தூங்கும்போது வெளியே மூன்று கிராமுக்குச் சீட்டுக் கட்டுவது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது. அந்த 3,000ஐ தபால் நிலையத்திலோ பேங்கிலோ தனியாகப் போட்டு வாருங்கள், அக்டோபருக்குள் 27,000 சேரும், அடுத்த தீபாவளிக்குத் துணியும் பட்டாசும் சீரும் அதற்குள்தான். எஸ்ஐபியை விற்க வேண்டாம், ஆனால் மாதம் கட்டுவதை நிறுத்தி வையுங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எஸ்ஐபி 12 சதவீதம் தரலாம், தராமலும் போகலாம். 9 சதவீதக் கடனை அடைப்பது நிச்சயமான 9 சதவீதம். அந்த 5,000 ஜனவரியிலிருந்து நேரே அசலுக்குப் போனால் பத்து மாதத்தில் 50,000. போனஸ் வட்டிக்கு. அடுத்த தீபாவளிக்குக் கடன் 3.7 லட்சமாக இறங்கியிருக்கும். நான்கு வருஷத்தில் முதல்முறையாக.

அப்படி இறங்கவில்லை என்றால், நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் திட்டுவீர்கள், நான்கு ஐந்து பவுனை விற்றுக் கடனை மொத்தமாக முடித்துவிடுங்கள். விற்பது என்றாலே நம் வீடுகளில் இழவுச் செய்தி மாதிரி. ஆனால் இன்றைய விலையில் ஐந்து பவுன் கழிவு போக 4.2 லட்சத்தை அடைத்துவிடும், ஏழு பவுன் கழுத்துக்குத் திரும்பி வரும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நகை என்பதால் லாபத்துக்கு 12.5 சதவீத வரிக் கணக்கு வரும், விற்பதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேரில் வருமானம் குறைவு என்பதால் பெரிய தொகையாக இருக்காது.

மகளின் செயின். அடுத்த முறை மறு அடகு வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே பையில் போட்டு ஒரே கடனாக எழுத விடாதீர்கள். இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், 11.5 பவுன் ஒரு கடன், அரைப்பவுன் செயின் மட்டும் தனிக் கடன். அதன் மேல் ஒரு 20,000 மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரே கடனாக இருந்தால் முழுசாக அடைக்கிற வரைக்கும் அது வெளியே வராது. தனியாக இருந்தால் நான்கு மாதம் எஸ்ஐபி பணத்தை அதற்குக் கட்டினால் போதும், 2027 மாசிக்குள் அவள் கழுத்தில் இருக்கும். ஏழு வயசாகியிருக்கும், கொக்கியை ஒரு வளையம் நீட்ட வேண்டி வரலாம்.