அமைச்சர் வங்கியாளரானால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதவிக்காலம் முடிந்ததும் பெருநிறுவனங்களுக்குச் சென்ற அமைச்சர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நெதர்லாந்தின் கெரிட் சால்மை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏபிஎன் ஆம்ரோ வங்கியைக் கரைசேர்த்தவர் என்றுதான் எங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் ஒரு சந்தேகம். நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் அதே நாட்டின் பெரிய வங்கி ஒன்றில் தலைவராக உட்காருவது முறையா? நம் ஊரில் நடந்தால் விடுவோமா? பணச்சலவை விவகாரத்தில் 2021இல் அந்த வங்கி கட்டிய தொகையில் இவருக்குப் பொறுப்பு உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சால்ம் அரசியலை விட்டு வணிகத்துக்குப் போனவர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் தனியார் வணிகத்தில் முழுநேரமாக இருந்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மட்டும்தான். முன்னும் பின்னும் அவர் பார்த்த பெரிய பொறுப்புகள் ஒருவகையில் அரசு உத்தியோகம். அவரை எடைபோட அந்த ஒன்றரை ஆண்டைத்தான் பார்க்கவேண்டும். அவருடைய புகழோ வேறு இடத்திலிருந்து வருகிறது.

1952இல் என்க்ஹாய்சன் என்ற சிறிய துறைமுக ஊரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் பொருளியல் படித்துவிட்டு நேராக நிதியமைச்சகத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிறகு அரசின் பொருளாதாரக் கணிப்பு அமைப்புக்கு இயக்குநர். இளமையில் தொழிலாளர் கட்சி உறுப்பினர், பின்னர் வலதுசாரி தாராளவாதக் கட்சியான வி.வி.டி.க்கு மாறினார். 1994இல் விம் கோக் பிரதமரானபோது நிதியமைச்சர். நடுவில் ஓராண்டு போக 2007 வரை அந்த நாற்காலி அவருடையதுதான். கட்சித் தலைமையும் கொஞ்ச காலம் கைக்கு வந்தது. அதில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை, விட்டுவிடலாம்.

அமைச்சராக அவர் விட்டுச்சென்றது 'சால்ம் நெறி' என்று அவர் பெயராலேயே வழங்கும் பட்ஜெட் முறை. அரசு பதவியேற்கும்போதே நான்கு ஆண்டுக்கான செலவு உச்சவரம்பைக் கட்டிவிடுவது. வளர்ச்சியை வேண்டுமென்றே குறைவாகக் கணிப்பது. வரி வருவாய் எதிர்பார்த்ததைத் தாண்டினால் அதைச் செலவுக்குத் தொடாமல் கடனையோ வரியையோ குறைப்பது. விளைச்சல் கூடிய வருடத்தில் ஊருக்கு விருந்து வைக்காமல் பத்திரத்தை மீட்கப் போகும் விவசாயியின் புத்தி அது. தொண்ணூறுகளின் இறுதியில் பட்ஜெட் உபரிக்கே வந்தது. நல்ல காலமும் கைகொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2003 நவம்பரில் பிரான்சும் ஜெர்மனியும் பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதியை மீறிவிட்டுத் தண்டனையில்லாமல் நழுவியபோது மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் சால்ம் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு நெதர்லாந்தும் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது!

இனி அந்த ஒன்றரை ஆண்டுக்கு வருகிறேன். 2007இல் பதவி முடிந்ததும் அவர் பெரிய வங்கி எதற்கும் போகவில்லை. டிஎஸ்பி என்ற வங்கியில் முதலில் தலைமைப் பொருளியலாளராகவும் பின்னர் தலைமை நிதி அதிகாரியாகவும் சேர்ந்தார். அதன் முதலாளி டிர்க் ஸ்கெரிங்கா முன்னாள் போலீஸ்காரர். அல்க்மார் ஊரின் ஏஇசட் கால்பந்து அணி அவருடையது. ஓவிய அருங்காட்சியகம் ஒன்றும் வைத்திருந்தார். வங்கியின் வருமானமோ சாதாரண ஜனங்களின் தலையில் கட்டிய கடனிலிருந்து வந்தது. கடனோடு காப்பீட்டையும் சேர்த்து விற்பார்கள். மொத்த பிரீமியமும் முதலிலேயே கடன் தொகையில் ஏறிவிடும், அதற்கும் வட்டி ஓடும். கமிஷன் வங்கிக்கு. நீங்கள் வங்கிக்காரர், இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2009 அக்டோபர் 1 அன்று, பாதிக்கப்பட்ட கடன்காரர்களுக்காகப் போராடிவந்த பீட்டர் லாக்கெமன் தொலைக்காட்சியில் தோன்றி, டிஎஸ்பியில் இருக்கும் பணத்தை எடுத்துவிடுங்கள் என்று சொன்னார். சில நாட்களில் ஏறத்தாழ 60 கோடி யூரோ வெளியேறியது. அக்டோபர் 19 அன்று வங்கி திவால். அப்போது சால்ம் அங்கே இல்லை, வேறு இடத்துக்குப் போயிருந்தார். ஆனால் அந்த வீழ்ச்சியை விசாரித்து 2010இல் வந்த ஸ்கெல்டெமா குழுவின் அறிக்கை பழைய நிர்வாகத்தை விடவில்லை. நிதிச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் சால்ம் ஒரு வங்கியை நடத்தத் தகுதியானவர் அல்ல என்று கருதியது. மத்திய வங்கி தகுதியானவர்தான் என்றது. மத்திய வங்கியின் முடிவே நின்றது. ஒரே மனிதரைப் பற்றி ஒரே நாட்டின் இரண்டு கண்காணிப்பாளர்கள் நேரெதிராகச் சொன்ன இந்த இடம், அவரைக் கொண்டாடும் கட்டுரைகளில் அரைவரியாகச் சுருங்கிவிடுகிறது. உள்ளே இருந்து சீர்திருத்தப் பார்த்தேன் என்பது அவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் மற்றவர் கணக்கில் ஓட்டையைப் பார்த்ததும் சீறுகிறவர், சேரும் முன்பே அந்தக் கணக்கைப் படித்திருக்கமாட்டாரா?

அவர் போன 'வேறு இடம்'தான் ஏபிஎன் ஆம்ரோ. 2007இல் பிரிட்டனின் ஆர்பிஎஸ், பெல்ஜியம்-நெதர்லாந்தின் ஃபோர்டிஸ், ஸ்பெயினின் சான்டன்டர் ஆகிய மூன்று வங்கிகளும் சேர்ந்து ஏறத்தாழ 7,100 கோடி யூரோவுக்கு அதை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஃபோர்டிஸ் தள்ளாடியது. 2008 அக்டோபர் 3 அன்று டச்சு அரசு, ஃபோர்டிஸின் நெதர்லாந்துப் பகுதியை ஏபிஎன் ஆம்ரோ பங்கோடு சேர்த்து 1,680 கோடி யூரோவுக்கு வாங்கியது. வாங்கிய நிதியமைச்சர் வவுட்டர் போஸ், தொழிலாளர் கட்சித் தலைவர். 2000 முதல் 2002 வரை சால்மின் கீழ் நிதித்துறை இணையமைச்சர், பிறகு எதிர்க்கட்சி வரிசையில் அவருக்கு எதிரி. அவர்தான் சால்மைக் கூப்பிட்டார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஏபிஎன் ஆம்ரோவுக்குப் போனதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. முதலாளி அரசு. அவர் இறங்கிய 2017 தொடக்கம் வரை பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருந்தது. அங்கே ஃபோர்டிஸையும் ஏபிஎன் ஆம்ரோவையும் ஒன்றாக்கி, ஆட்களைக் குறைத்து, 2015 நவம்பரில் பங்கு ஒன்று 17.75 யூரோவுக்குச் சந்தையில் விட்டார். அவருக்குப் பழகிய வேலை, ஒழுங்காகச் செய்தார். அதே ஆண்டு மார்ச்சில் நிர்வாகக் குழுவில் ஆறு பேருக்கு ஆளுக்கு 1 லட்சம் யூரோ சம்பள உயர்வு என்று செய்தி வந்து நாடே கொதித்தது. நிதியமைச்சர் டைசெல்ப்ளூம் பங்கு வெளியீட்டையே தள்ளிவைத்தார், கடைசியில் அறுவரும் உயர்வை விட்டுக்கொடுத்தார்கள். சால்ம் அந்த உயர்வைப் பெற்றவரல்ல. ஆனாலும் மேலே இருந்தவருக்கு ஊர் என்ன சொல்லும் என்று தெரியாமல் போனது எப்படி? அரசியலில் அத்தனை வருடம் இருந்தவருக்கு!

(ஊழியர் கொண்டாட்டம் ஒன்றில் அவர் பெண்வேடமிட்டு, தன் சகோதரி 'ப்ரிசில்லா' என்று சொல்லி, விபசார விடுதி நடத்துபவராக வங்கியின் கொள்கைகளைக் கிண்டலடித்த காணொளி பின்னர் வெளியே வந்தது. நம் ஊர் வங்கித் தலைவர் ஒருவரை அப்படி நினைத்துப் பாருங்கள். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.)

2021 ஏப்ரலில் ஏபிஎன் ஆம்ரோ 48 கோடி யூரோ கட்டி அந்தப் பணச்சலவை வழக்கை முடித்துக்கொண்டது. வாடிக்கையாளர்களைச் சரிவரச் சோதிக்காமல் விட்டதாக அரசுத் தரப்பு சொன்ன காலம் 2014 முதல் 2020 வரை. அதில் சால்மின் ஆண்டுகளும் உண்டு, அவருக்குப் பின் வந்தவருடையவையும் உண்டு. சட்டப்படி யார் தலையில் எவ்வளவு என்பது என் வேலையல்ல. ஆனால் செலவைக் கட்டுக்குள் வைப்பதே வெற்றி என்று நடந்த ஒரு வங்கியில் கணக்குகளைத் துருவிப் பார்க்கப் போதுமான ஆட்களை அமர்த்தினார்களா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியை நான் அவரிடம்தான் முதலில் கேட்பேன்.