பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்தா?

கேள்வி: என் கணவர் குடும்பத்துக்கு ஈரோட்டுப் பக்கம் நூற்பாலை இருக்கிறது. பப்ளிக் லிமிடெட் நிறுவனம். விற்றுமுதல் 300 கோடியைத் தாண்டிவிட்டதால் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஒரு பெண் இருந்தாக வேண்டுமாம். "உன் பெயரைப் போட்டுக்கொள்கிறோம் அம்மிணி, கூட்டத்துக்கெல்லாம் வர வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு" என்கிறார் மாமனார். கணக்காளர் கொண்டுவந்த காகிதக் கட்டு, பென்சில் குறிகளோடு மூன்று நாட்களாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நான் பி.காம். படித்தவள். மறுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பதவியை மறுக்காதீர்கள், சகோதரி. அந்தக் காகிதக் கட்டில் இன்றைக்குக் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

மாமனார் சொல்வதில் பாதி சரி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் உங்கள் ஆலை அளவுள்ள பப்ளிக் லிமிடெட் நிறுவனத்தில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்கிறது. ஆனால் 12 மாதம் ஒரு போர்டு கூட்டத்துக்குக்கூட வராத இயக்குநரின் பதவி, விடுப்புக் கேட்டிருந்தாலும், பறிபோய்விடும் என்பதும் அதே சட்டம்தான்.

நாளை ஏதாவது தவறு நடந்தால், 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை அக்கறையோடு கடமையைச் செய்தவருக்குத்தான் காப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட்டவரை அது காப்பாற்றாது.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். இயக்குநராகச் சம்மதிக்கும் படிவம் ஒன்று இருக்கும், அது சரி. வங்கிக் கடனுக்கு உங்கள் பெயரில் தனிநபர் உத்தரவாதப் பத்திரம் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஆலை கடனைக் கட்டாவிட்டால் வங்கி உங்கள் சொந்தச் சொத்தின்மேல் கை வைக்க வழிசெய்யும் தாள் அது. இயக்குநர் ஆவதற்கு அது தேவையே இல்லை. குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அதைத் தொடாதீர்கள்.

அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற வள்ளி அருணாசலம், சென்னை முருகப்பா தொழில் குடும்பத்து மகள், அந்தக் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் போர்டில் 2020இல் இடம் கேட்டார். பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்துவிட்டார்கள். அவர் போராடிக் கேட்ட இடம் உங்கள் வீட்டு மேசைக்கே வந்திருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமனாரிடம் பணிவாகவே சொல்லுங்கள்: "வருகிறேன் மாமா. ஆனால் கூட்டத்துக்கும் வருவேன்." கூட்ட அறிவிப்பு ஏழு நாள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும், நிகழ்ச்சி நிரலையும் கணக்குத் தாள்களையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலும் தவறில்லை. பஞ்சு யாரிடம், என்ன விலைக்கு வாங்குகிறார்கள், உறவினர் நிறுவனங்களுக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஒப்பாத தீர்மானம் வந்தால் உங்கள் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருக்கிறார்களா என்று அடுத்த முறை படித்துப் பாருங்கள்.

அடுத்த போர்டு கூட்டம் என்றைக்கு என்று இன்று இரவே கேட்டுவிடுங்கள்.