பட்டியலில் இல்லாத போர்டை பில்ட்ரூட்டில் சேர்ப்பது எப்படி?

திருகோணமலை துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்க வாங்கிய சிறு கணினி போர்டு பில்ட்ரூட்டில் (இப்படிப்பட்ட போர்டுகளுக்கு லினக்ஸ் உருவாக்கித் தரும் கருவி) இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

போர்டின் பெயரை விடுங்கள், சிப்பைப் பாருங்கள். அதே சிப் உள்ள வேறொரு போர்டு பெரும்பாலும் இருக்கும். 'மேக் லிஸ்ட்-டெஃப்கான்ஃபிக்ஸ்' என்ற கட்டளை கொடுத்துத் தேடுங்கள். அதன் டெஃப்கான்ஃபிக்கை, அதாவது தொடக்க அமைப்புக் கோப்பை, நகலெடுத்துத் தொடங்கலாம். உங்கள் கோப்புகளை பில்ட்ரூட்டுக்கு வெளியே, எக்ஸ்டர்னல் (BR2_EXTERNAL) கோப்புறையில் வையுங்கள். பில்ட்ரூட் பதிப்பு மாற்றும்போது அதன் அருமை தெரியும்.

உண்மையான வேலை, போர்டில் உள்ள வன்பொருளை லினக்ஸின் மையமான கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில்தான். சிப்புக்கான பொதுக் கோப்பை அப்படியே சேர்த்துக்கொண்டு, உங்கள் போர்டில் மாறுபடும் பின்கள், மின்சீராக்கிகள், எஸ்டி கார்டு, ஈதர்நெட் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். சர்க்யூட் வரைபடம் இல்லாமல் இதை ஊகித்து எழுத வேண்டாம். விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், போர்டின் பூட் செய்திகளை உங்கள் கணினித் திரையில் காட்டும் சீரியல் கேபிள். அது இல்லாமல் முதல் பூட்டைத் தொடவே வேண்டாம். திரையில் ஒன்றுமே வராவிட்டால் கெர்னலை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட்டின் ராம் அமைப்பைச் சந்தேகியுங்கள். 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்ற வரியோடு அமைதியானால், கெர்னல் ஓடிக்கொண்டே இருக்கலாம், கன்சோல் (செய்திகள் வெளிவரும் வழி) மட்டும் வேறு சீரியல் போர்ட்டுக்குப் போயிருக்கும். பூட் அளவுருவில் கன்சோல் பெயரையும் வேகத்தையும் முதலில் சரிபாருங்கள். வேகம் பெரும்பாலும் 115200.

சரி, பூட் ஆகிவிட்டதா? கெர்னல் பதிப்பை ஒரே எண்ணில் நிறுத்தி, 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' கொடுத்துச் சேமியுங்கள்.