ஆரஞ்சு, எலுமிச்சை தோல் பொடி: கேள்வி பதில்

பழத்தோலைப் பொடி பண்றது பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு, வரிசையா சொல்றேன்.

கேள்வி: உள்ள இருக்கிற வெள்ளைப் பகுதியை எடுக்கணுமா?

எடுங்க. வாசனை எண்ணெய் முழுக்க மேல் தோல்ல இருக்கிற குட்டிக் குட்டிப் பைகள்லதான் இருக்கு, வெள்ளையில கசப்பும் பெக்டின்ங்கிற பசைப் பொருளும்தான், காயவும் நேரமாகும். பீலரால மெல்லிசா சீவுனா வெள்ளை ஒட்டாமலே வந்துடும், ஆனா பழத்தை உரிக்கிறதுக்கு முன்னாடியே சீவிடணும். லேசா ஒட்டியிருந்தா பரவால்ல.

கேள்வி: வெயில்ல காயவைக்கலாமா?

வேணாம், நிழல். ஆரஞ்சு தோல் எண்ணெய்ல 90 சதவீதத்துக்கு மேல லிமோனீன்ங்கிற வாசனைப் பொருள், அதோட கொதிநிலை 176 டிகிரின்னாலும் அவ்வளவு சூடெல்லாம் தேவையே இல்ல, அறைச் சூட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும், வெயில்ல வச்சா வெளிச்சமும் காத்தும் சேர்ந்து அதைக் கெடுக்கவும் செய்யும், நிறமும் வெளுத்துடும். ஓவன்ல வைக்கிறவங்க 60, 70 டிகிரி தாண்டாதீங்க, கதவை லேசா திறந்து வைங்க, ஆவி வெளிய போகட்டும்.

கேள்வி: எங்க வீட்ல எப்பவும் வெயில்லதான், நல்லாதான் வருது. நீங்க சொல்ற மாதிரி நிழல்ல வச்சப்பதான் பூசணமே பிடிச்சுச்சு.

பூசணம் பிடிச்சதுக்கு நிழல் காரணம் இல்லைங்க, காத்து இல்லாததுதான் காரணம். தட்டுல ஒண்ணு மேல ஒண்ணா குவிச்சு வச்சா அடியில ஈரம் தங்கிடும். வலை மேல ஒத்தை அடுக்கா பரப்பி ஃபேன் போட்டு விடுங்க. மழைக்காலத்துல அதுவும் சரிப்படலைன்னா முதல் சில மணி நேரம் மட்டும் மெல்லிய துணி மூடி வெயில்ல வச்சு எடுங்க, இதை நான் ஒத்துக்கிறேன்.

கேள்வி: பொடி டப்பாவுல கட்டி கட்டியா ஆயிடுது.

ஈரம். இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், வளைஞ்சா காயலை, டக்குன்னு ஒடியணும், ஒடிஞ்சாதான் மிக்ஸியில போடணும். விட்டு விட்டு அரைங்க, தொடர்ந்து ஓட்டுனா ஜார் சூடாகி எண்ணெய் போயிடும். அரைச்சதும் மூடாதீங்க, சூடு ஆறட்டும்.

கேள்வி: எலுமிச்சைத் தோல் பொடியில புளிப்பே இல்லையே?

புளிப்பு சாறுல இருக்கிற சிட்ரிக் ஆசிட். தோல்ல வாசனைதான் எதிர்பார்க்கணும்.

கேள்வி: முகத்துக்குப் போடலாமா?

நான் சமையலுக்குத்தான் சொல்றேன். எலுமிச்சை வகைத் தோல்ல இருக்கிற சில பொருள் சருமத்துல பட்டு அப்புறம் வெயிலும் பட்டா கொப்புளம் வர்ற அளவுக்குப் போகும், பழசான லிமோனீன் அலர்ஜியும் குடுக்கும். வேணாம்.

கேள்வி: தயிர்ல கலந்து முகத்துக்குப் போட்டா?

மேல பதில் இருக்கு.

கேள்வி: கடைப் பழத்துல மெழுகு பூசியிருக்காங்களே?

மெழுகு மட்டும் இல்ல, பூஞ்சை வராம இருக்க இமாசாலில் மாதிரி மருந்தும் போடுறாங்க. வெதுவெதுப்பான தண்ணியில பிரஷ் வச்சுத் தேய்ச்சா குறையும், முழுசா போகாது. தோலுக்காகவே வாங்குறீங்கன்னா மருந்து போடாத பழமா கேட்டு வாங்குங்க.

கேள்வி: கிரேப்ஃப்ரூட் தோல்? அம்மா கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறாங்க.

அம்மாவுக்கு அதைக் குடுக்காதீங்க. கிரேப்ஃப்ரூட், கொலஸ்ட்ராலுக்குக் குடுக்குற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள்ல சிலது உடம்புல உடையுறதைத் தடுக்கும், மருந்து ரத்தத்துல ஏறிடும். டாக்டரைக் கேளுங்க.

கேள்வி: வெயில்ல காயவைக்கலாமா?

தயிர் கேட்டவங்களுக்குச் சொன்னதேதான் உங்களுக்கும், மேல பதில் இருக்கு, படிங்க.

கேள்வி: நான்தான் வெயில் கட்சி. இன்னும் ஒத்துக்க முடியலைங்க, வாசனை குறையுறதா எனக்குத் தெரியலையே?

ஒரே ஆரஞ்சோட தோலை ரெண்டா பிரிங்க, பாதி வெயில்ல, பாதி நிழல்ல. ரெண்டும் ஒடியுற பதத்துக்கு வந்ததும் தனித்தனியா அரைச்சு வெந்நீர்ல ஒரு சிட்டிகை போட்டு மோந்து பாருங்க. அப்பவும் வித்தியாசம் தெரியலைன்னா எழுதுங்க, எப்படி சீவுனீங்க, எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு சேர்த்து எழுதுங்க.