பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பேநவ்வில் (கைப்பேசி எண்ணைப் போட்டு உடனே பணம் அனுப்பும் சிங்கப்பூர் வங்கி வசதி) 380 வெள்ளியைத் தவறான கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். திரையில் வேறு ஏதோ பெயர் வந்த மாதிரி ஞாபகம். வங்கி திருப்பி எடுத்துத் தராதா? (பொங்கோல்)

பதில்: இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். அவர்கள் பணம் பெற்றவரின் வங்கி மூலமாக அவரிடம் கேட்பார்கள், ஆனால் அவர் சம்மதிக்காமல் அவர் கணக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். அடுத்தவர் பணம் என்று தெரிந்தே அமுக்கிக்கொள்வது குற்றம், ஆகவே மறுத்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் வேறு பெயர் வந்ததைப் பார்த்தும் ஏன் அழுத்தினீர்கள்? அந்தப் பெயரைக் காட்டுவதே நீங்கள் நிறுத்துவதற்காகத்தான்.

கேள்வி: பழைய கைப்பேசியை விற்றேன். வாங்கியவர் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினார், நாளைக்குள் ஏறும் என்றார். ஏறவில்லை. (ஈசூன்)

பதில்: பேநவ் பணம் பொதுவாகச் சில நொடிகளில் ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும்கூட. அந்தப் படத்தோடு போலீசுக்குப் போங்கள். இனி உங்கள் கணக்கைத் திறந்து பார்க்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சம்பளம் வெள்ளிக்கிழமையே போட்டாச்சு என்கிறார் முதலாளி. திங்கள் ஆகியும் வரவில்லை. (துவாஸ் விடுதி)

பதில்: தம்பி, ஜைரோ என்ற மெதுவான வங்கிப் பரிமாற்ற முறை வழியாகப் போட்டிருந்தால் மூன்று வேலைநாள்வரை ஆகலாம், சனி ஞாயிறு அதில் சேராது. அதனால் புதன்வரை பாருங்கள். அதற்குமேல் "போட்டாச்சு" என்ற வார்த்தையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு மனிதவள அமைச்சிடம் போங்கள். இது நீங்கள் உழைத்த காசு, கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: சமையலறை அலமாரி செய்ய 1,500 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். கணக்கு எண்ணோடு நிறுவனப் பெயரையும் போட்டுத்தான் அனுப்பினேன். ஆள் போன் எடுப்பதில்லை. அது யாரோ தனி ஆளின் கணக்காம். (உட்லண்ட்ஸ்)

பதில்: நீங்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறீர்கள், அம்மா. இதே மாதிரி நானும் 600 வெள்ளி இழந்திருக்கிறேன், ஏர்கான் மாட்ட வருவதாகச் சொன்ன ஒருவரிடம். அன்றிலிருந்து எனக்கு இதில் தீராத கோபம். கணக்கு எண் போட்டு அனுப்பும்போது பெறுபவர் பெயர் என்று ஒரு கட்டம் வருகிறதே, அதில் நாம் எழுதுவதை யாரோ சரிபார்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பணம் எண்ணைப் பார்த்துத்தான் போய்ச் சேருகிறது. 2014இல் ஃபாஸ்ட் என்ற உடனடிப் பரிமாற்ற முறை வருவதற்கு முன் வங்கி விட்டு வங்கி பணம் போக இரண்டு மூன்று நாள் ஆகும். இப்போது நொடியில் போய்விடுகிறது, வாங்கியவன் அதே வேகத்தில் அடுத்த கணக்குக்கு மாற்றியும் விடுகிறான். இவ்வளவு வேகம் கொடுத்தவர்கள் பெயர் கட்டத்தை வெறும் குறிப்பாக விட்டுவைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுவனம் என்றால் அதன் யூஇஎன் என்ற பதிவு எண்ணுக்கு பேநவ் செய்யலாம், 2018இலிருந்து அந்த வசதி இருக்கிறது, அனுப்புவதற்கு முன் பெயரும் தெரியும். சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து அதற்கு அனுப்பு என்கிற நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். ஆள் யாரென்று தெரிந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை.

கேள்வி: தெரியாத ஒருவர் என் கணக்கில் 900 வெள்ளி போட்டுவிட்டு, வேறொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். (ஜூரோங்)

பதில்: அனுப்பாதீர்கள், செலவும் செய்யாதீர்கள். வங்கியிடம் சொல்லி வங்கி வழியாகவே திருப்புங்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்ற உங்கள் கணக்கைப் பயன்படுத்துகிறார்களோ என்று சந்தேகமாக இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சென்னைக் கடையில் புடவை வாங்க பேநவ்விலிருந்து இந்தியாவின் யுபிஐக்கு அனுப்பலாமா? (தெம்பனிஸ்)

பதில்: முடியாது. 2023 பிப்ரவரியில் வந்த பேநவ்-யுபிஐ இணைப்பு தனி ஆளுக்குத் தனி ஆள் அனுப்புவதற்கு, கடைக்கு அல்ல. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புங்கள், அவர் போய் வாங்கட்டும்.