சம்பளத்துக்கு வரி வரவில்லை, புளி விற்றதும் வந்தது

"வேலையில் இருந்துகொண்டே சைடு பிசினஸ் தொடங்கினால் வரி எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருப்பவர், கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16 கைக்கு வந்தால் வரி வேலை முடிந்தது என்று நினைப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். 2023 ஏப்ரலில் நானும் மனைவியும் புளி வியாபாரத்தில் இறங்கினோம். விவசாயிகளிடம் ஓட்டோடு வாங்கி வருவோம். திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். சாயங்காலம் ஆனால் அவர்கள் விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிருக்கும். மளிகைக் கடைகளுக்கும் கம்பெனி நண்பர்களுக்கும் கொடுத்தோம். அந்த நிதியாண்டில் 9 லட்சத்துக்கு விற்பனை. ஜிபேயில் 6 லட்சம், ரொக்கம் 3 லட்சம்.

என் சம்பளம் 7,30,000. புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு 50,000 போக 6,80,000. அப்போது 7 லட்சம் வருமானம் வரை முழு வரியும் தள்ளுபடி என்று இருந்ததால் கம்பெனியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வருஷம் ஜூலையில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. வருமான வரிச் சட்டத்தின் அப்போதைய 44ஏடி பிரிவில், சிறு வியாபாரிகள் டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். அப்படிப் பார்த்தால் 36,000மும் 24,000மும் சேர்த்து 60,000. (நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும் என்று சொல்ல வருபவர்களுக்கு: எங்களுக்குக் கையில் நின்றதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புளியில் அதற்கு மேல் நிற்காது.) மொத்த வருமானம் 7,40,000 ஆனதும் தள்ளுபடி முழுதாகப் போய்விட்டது. வரி 29,000, செஸ் சேர்த்து 30,160. முன்கூட்டியே கட்டாததால் வட்டி தனியாக 1,500 ரூபாய்க்கு மேல். வருஷம் முழுக்க உழைத்த லாபத்தில் பாதிக்கு மேல் அங்கே போனது. மனைவியிடம் சொன்னபோது அவள் பதிலே பேசவில்லை, கொட்டை எடுத்தவர்களின் கூலி நோட்டை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தாள்.

"சம்பளத்தை மட்டும் காட்டி, சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவத்தைப் போட்டுவிடு" என்றார்கள் சிலர். வியாபார வருமானம் இருந்தால் அந்தப் படிவம் செல்லாது, நான் ஐடிஆர்-4 போட்டேன். "மனைவி பேருக்கு மாற்று" என்றும் சொன்னார்கள். முதல் போட்டது என் சம்பளப் பணம். அப்படி இருந்தால் அந்த முதலுக்கு உரிய லாபம் என் வருமானத்தோடுதான் சேரும். நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு நோட்டீஸ் வாங்கும் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

சொந்த நிலத்து மரத்துப் புளியை விற்றால் அது விவசாய வருமானம், வரி இல்லை. வாங்கி விற்றால் வியாபாரம். எங்கள் அப்பாவின் இரண்டு மரத்துப் புளியையும் ஒரே நோட்டில் எழுதியதால் பிரிக்க முடியாமல் போனது. மரம் என்றதும் மனசு கேட்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ரோடுகளில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களைச் சாலை அகலத்துக்காக வெட்டித் தள்ளினார்களே, அதற்கு ஈடாக நட்டு வளர்த்த மரம் எங்கே? வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். 2025-26 முதல் புதிய வரி முறையில் தள்ளுபடி 12 லட்சம் வரை. உங்கள் சம்பளம் கழிவு போக 12 லட்சத்தை ஒட்டி நின்றால் கவனம். அதற்கு மேல் வரும் முதல் 70,000 ரூபாய் சொச்சம் முழுவதும் வரியாகவே போய்விடும். பொருள் விற்பனை வருஷம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பார்கள். ஆனால் வரி உள்ள பொருளை கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். காய்ந்த புளிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் நான் தப்பித்தேன். அப்புறம், வேலை உத்தரவில் வெளித்தொழில் கூடாது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போதெல்லாம் மார்ச் முதல் வாரமே நோட்டைக் கூட்டி, 15ஆம் தேதிக்குள் முன்வரி கட்டிவிடுகிறேன். அப்பாவின் மரத்துப் புளிக்குத் தனி நோட்டு, அதை மனைவி எழுதுகிறாள்.