கார் வராத காட்டுப் பாதை: மகளோடு இரண்டு நாள் எங்கே ஓட்டலாம்?

கேள்வி: மேரிலாந்தில் இருக்கிறேன், வயது 46. ஆறு மாதம் முன்பு கிராவல் பைக் (சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய சைக்கிள்) வாங்கினேன். சாலையில் ஒரு பிக்அப் வண்டி முழங்கையை உரசுகிற மாதிரி போனதிலிருந்து வீட்டில் தடை உத்தரவு. கார், லாரி எதுவும் வராத காட்டுப் பாதையில், 13 வயது மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஓட்ட ஆசை. எங்கே போகலாம்? டயர் 40 மில்லிமீட்டர், டியூப் போட்டது. சைக்கிளில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் வீட்டுப் பக்கமே சி அண்டு ஓ கால்வாய்ப் பாதை இருக்கிறது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் தொடங்கி கம்பர்லாண்ட் வரை 184.5 மைல். ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் படகு இழுத்து நடந்த கரை அது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் களிமண்ணும் மர வேர்களும் உள்ள பாதை. சில பகுதிகளைப் புதிதாகச் செப்பனிட்டிருந்தாலும், நல்ல மழைக்குப் பிறகு பல இடங்களில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். மகளுக்கு முதல் பயணம் என்றால் நான் அங்கே அழைத்துப் போகமாட்டேன்.

அந்தப் பாதை முடியும் கம்பர்லாண்டிலேயே இன்னொன்று ஆரம்பிக்கிறது: கிரேட் அலெகெனி பாசேஜ். பிட்ஸ்பர்க் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதன் பெரும்பகுதி பழைய ரயில் தடம். வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே 1912-இல் கன்னெல்ஸ்வில் வரை நீட்டிய பாதையை 1975-இல் கைவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நுணுக்கிய சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி இறுக்கி, 1986-இல் ஒஹையோபைல் பக்கத்தில் முதல் துண்டைத் திறந்தார்கள். முழுப் பாதையும் இணைந்தது 2013-இல்தான். சரக்கு ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் மலையைச் சுற்றியும் குடைந்தும் தடம் போட்டிருக்கிறார்கள். அந்த வேலையின் பலன் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

ஆனால் கம்பர்லாண்ட் உங்களுக்குக் கிட்டே இருக்கிறதே என்று அங்கிருந்து தொடங்கிவிடாதீர்கள். அங்கிருந்து சுமார் 24 மைல் தொடர்ந்து ஏற்றம், 2,392 அடி உயரத்தில் இருக்கும் நீர்ப்பிரிமேடு வரைக்கும். சரிவு நூற்றுக்கு ஒன்றரைதான். கண்ணுக்குச் சமதளம் போலத் தெரியும், கால் மட்டும் இல்லை என்று சொல்லும். பெரியவர்களே பிரேக் உரசுகிறதா என்று இறங்கிப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அது புரியாது, தனக்குத்தான் தெம்பு இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

அதனால் இதே பாதையில் இருக்கும் கான்ஃப்ளூயன்ஸ் என்ற சிற்றூரில் தங்குங்கள். உங்கள் ஊரிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கேற்ப முக்கூடல்தான், இரண்டு ஆறுகளும் ஓர் ஓடையும் சேரும் இடம். ஆறுகளில் பெரியதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முயல வேண்டாம், ‘யாக்கிகேனி’ என்று சொல்வார்கள், செல்லமாக ‘யாக்’. முதல் நாள் இந்த ஆற்றோடு ஒஹையோபைல் வரை போங்கள், சுமார் 17 கிலோமீட்டர். ஒரு பக்கம் காடு மூடிய மலைச்சரிவு, மறுபக்கம் ஆறு. எதிர்க்கரையில் சரக்கு ரயில்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தை விட்டால் நீரோசையும் உங்கள் டயர் சரளையை நெரிக்கும் சத்தமும்தான். நடுவில் கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோபைலில் அருவி பார்த்து, சாப்பிட்டுவிட்டு, ஊரை ஒட்டிய உயரமான பாலம் வரையாவது போங்கள். கீழே வெள்ளை நுரையில் ரப்பர் படகுகள் குதித்துப் போவதைப் பார்த்தால் மகள் அங்கிருந்து நகரமாட்டாள்.

பாலத்தைத் தாண்டிப் போகலாமா? போகலாம், கன்னெல்ஸ்வில் வரை காடு அப்படியே தொடரும். ஆனால் அந்தத் திசை ஆற்றோடு இறங்குகிறது. போகும்போது ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும், திரும்பும்போது ஆற்றை எதிர்த்து ஏற வேண்டியிருக்கும். பாலத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் திரும்பிவிடுங்கள். மொத்தம் 50 கிலோமீட்டர் வரும், அது போதும்.

இரண்டாம் நாள் சைக்கிள்களைக் காரில் ஏற்றி மையர்ஸ்டேல் போய், அங்கிருந்து கிழக்கே மேசன்–டிக்சன் கோடு வரை போய் வாருங்கள். பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இடையே 1760-களில் அளந்த எல்லை அது. போகவர சுமார் 37 கிலோமீட்டர். வழியில் நீர்ப்பிரிமேடு வரும். அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கும், அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக்குக்கும் போகிறது. அடுத்து பிக் சாவேஜ் சுரங்கம், நீளம் 3,294 அடி. உள்ளே விளக்கு உண்டு, இருந்தாலும் உங்கள் விளக்கும் எரியட்டும். நுழையும்முன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். நடுக்கோடையிலும் உள்ளே குளிரும், மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் இதன் கதவுகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல் பாதி முதல் நவம்பர் வரை பிரச்சினை இராது. கிளம்புமுன் பாதையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். காசு செலவழிக்க எதுவும் இல்லை. 40 மில்லிமீட்டர் டயர் இதற்குத் தாராளம். காற்றைத்தான் கவனிக்க வேண்டும். என் முதல் பயணத்தில் சாலைப் பழக்கத்தில் 60 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பொடிக்கல்லும் நேராக மணிக்கட்டில் இறங்கியது. அன்று இரவு தயிர்சாதம் பிசையக்கூட விரல் மடங்கவில்லை. உங்கள் எடை 75 கிலோ அளவில் இருந்தால் பின்னால் 40, முன்னால் 36-இல் ஆரம்பியுங்கள். மகளின் டயரும் இதே அகலமானால் 30 போதும். கைக்கு அதிர்வு வந்தால் இரண்டு இரண்டாகக் குறைக்கலாம். ஆனால் டியூப் போட்ட சக்கரத்தில் ரொம்ப இறக்கினால், ஒரு கல்லில் இடித்ததும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். மாற்று டியூப், டயர் நெம்பும் கட்டை, பம்ப் மூன்றும் கையோடு இருக்கட்டும். வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது.

சைக்கிளைவிட உடம்பு விஷயம் முக்கியம். இப்படிப் பழைய ரயில் தடத்தில் ஓட்டும்போது சிரமமே அது சமதளமாக இருப்பதுதான். மலைப்பாதையில் ஏறும்போது எழுந்து நிற்போம், இறங்கும்போது மிதிக்காமல் விடுவோம். உடம்பு தானாக இடம் மாறும். இங்கே இரண்டும் இல்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்காருமிடம் மரத்துப்போகும், சுண்டுவிரல் பக்கம் ஊசி குத்தும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். மெத்து மெத்தென்று ஜெல் சீட் வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள், முதல் 15 கிலோமீட்டருக்குத்தான் அது சுகம். பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்கினால் பலன் உண்டு. உள்ளாடை இல்லாமல்தான் அதைப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுப் பலர் அவதிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கார் வராது, உண்மைதான். ஆனால் பாதை சாலையைக் கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே வண்டி நுழையாமலிருக்க நடுவில் கம்பம் நட்டிருப்பார்கள். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தால் ஒருவர் நேரே அதில் போய் மோதுவார். சாலைக் கடப்பு தெரிந்ததும் மகளை முன்னே விட்டு வரிசையாகப் போங்கள். கரடி இருக்கிறது, பெரும்பாலும் உங்களுக்கு முன் அது ஓடிவிடும். வெயிலில் பாம்பு படுத்திருந்தால் தூர நின்று வழிவிடுங்கள்.

எனக்கு இவற்றைவிட உண்ணிதான் பயம். அந்தப் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு, சில எள்ளளவுதான் இருக்கும். சாப்பிட உட்காரும்போது புல்லில் உட்காராமல் பெஞ்சைத் தேடுங்கள். இரவு குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் நுனி மெலிந்த சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். பிறகு சில வாரங்களில் சொறி, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

அப்புறம், திரும்பி வந்ததும் சைக்கிளை அப்படியே கராஜில் சாத்திவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் தூள் செயின் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும், மழையில் நனைந்திருந்தால் காய்ந்து சிமெண்ட் போல ஒட்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாமல் மெல்ல ஊற்றிக் கழுவி, பழைய பனியன் துணியால் செயினைத் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மகளின் சைக்கிளுக்கும் சேர்த்து இருபது நிமிட வேலை.